வில்ஃபின் காரில் என்ன கோளாறு

வில்ஃப் ஓர்மராட் செத்துப்போன செய்தி வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கார் கொட்டகையின் கதவைச் சாத்திக்கொண்டு, எஞ்சினை ஓடவிட்டு, அந்தப் புகைக்குள் உட்கார்ந்தே உயிரை விட்டிருக்கிறான் என்றார்கள். அடப்பாவி, அத்தனை வருஷம் ஒரே மில்லில் தறி மெக்கானிக்காக ஒன்றாகக் கிடந்தோமே, ஞாயிறு தவறாமல் கார் கிளப்பில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோமே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லையா என்று வீட்டுச் சுவரைப் பார்த்துத் திட்டினேன். அடக்கத்துக்குப் போனேன். அதற்குப் பிறகு அவன் வீட்டுப் பக்கம் போகவில்லை. மரண விசாரணைக்கும் போகவில்லை, என்னை யாரும் கூப்பிடவும் இல்லை.

விசாரணையில் தற்கொலை என்றே முடிவு சொன்னார்கள். மில்லை மூடிவிட்டார்கள், ஆள் வாடிப்போயிருந்தான், எஞ்சினோடு இத்தனை காலம் பழகியவனுக்குப் புகை விஷம் என்று தெரியாமலா இருக்கும் என்பது அவர்கள் வாதம். போதாததற்கு அன்று திங்கட்கிழமை. எங்கள் லங்காஷயர் தெருக்களில் திங்கட்கிழமை என்றால் துணி துவைக்கும் நாள். வீடுகளின் பின்சந்து முழுக்க குறுக்கே கொடி கட்டி விரிப்புகள் தொங்கும். அன்றைக்கு எவனாவது வண்டியைக் கிளப்பிப் புகை விட்டால் பெண்கள் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். அதனால் வில்ஃப் வேலை பார்க்க எஞ்சினைக் கிளப்பியிருக்க மாட்டான், சாகத்தான் கிளப்பியிருப்பான் என்று ஊரே பேசியது. நானும் அப்படித்தான் நம்பினேன்.

இலையுதிர்காலத்தில் ஒருநாள் காலை அவன் மகள் ஜானிஸ் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். வில்ஃபுக்கும் ஐவிக்கும் ஒரே பிள்ளை. மான்செஸ்டரில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். முகம் பாதியாக இளைத்திருந்தது. உட்காரக்கூட இல்லை, பையிலிருந்து முழ நீள ரப்பர் குழாய் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"எர்னி அங்கிள், இத போலீஸ்காரங்க இப்பத்தான் திருப்பிக் குடுத்தாங்க. அப்பா மடியில கெடந்துச்சாம். புகைக்குழாய்ல மாட்டறதுக்குன்னு வெட்டி எடுத்துட்டு வந்திருப்பாருன்னு சொன்னாங்க. கதவச் சாத்தினதே போதும்னு ஆனதால அப்பறம் அதுக்கு அவசியமில்லாம போச்சாம்."

வாங்கிப் பார்த்தேன். ஒரு முனையை அரத்தால் தேய்த்து மழுமழுவென்று ஆக்கியிருந்தான். அந்த முனையில் காது அழுக்கு காய்ந்து ஒட்டியிருந்தது.

"அட முட்டாப் பசங்களா!" என்று கத்தியே விட்டேன். "இது புகைக்குழாய்ல மாட்டற குழாயாம்மா? இது காதுல வெக்கிற குழாய்! எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. கிளப்புல இருக்கிற அத்தன பேருகிட்டயும் இருக்கு."

அவளுக்குப் புரியும்படி சொன்னேன். வில்ஃபின் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டு கார்புரேட்டர். முன்னது ஒன்று, பின்னது ஒன்று. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுத்தால்தான் எஞ்சின் சீராக ஓடும். குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் மாற்றி மாற்றிப் பிடித்தால் காற்று இழுக்கும் சத்தம் கேட்கும். இரண்டும் ஒரே மாதிரி கேட்கும்வரை திருகாணியைத் திருப்ப வேண்டியதுதான். இதற்கு விலைகொடுத்து வாங்கும் கருவியெல்லாம் உண்டு, எங்கள் ஆட்கள் எவனும் வாங்க மாட்டான்.

ஜானிஸ் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ அப்பா வேலதான் பாத்துக்கிட்டிருந்தாரா? சாகப் போகலையா?"

"கொஞ்சம் பொறும்மா."

"எனக்கு அது தெரிஞ்சே ஆகணும் அங்கிள். முந்தின நாள் ராத்திரி ஃபோன் பண்ணாரு. அப்பறம் பேசறேம்ப்பான்னு வெச்சுட்டேன். ஒருவேள அதச் சொல்லத்தான் கூப்பிட்டாரோ, நான் பேசியிருந்தா நின்னிருப்பாரோன்னு இத்தன மாசமா சோறு எறங்கல எனக்கு."

"உன்னாலதான்னு எவன் சொன்னான்? சும்மா ஒளறாத. ஆனா குழாய் இருந்தா மட்டும் போதாது. வண்டி நல்லா ஓடிக்கிட்டிருந்தா அதத் தொட வேண்டிய வேலையே இல்ல. எஞ்சின்ல கோளாறு இருந்துச்சா, அவன் அதத் தேடிக்கிட்டிருந்தானா, அதப் பாக்கணும். வா போலாம்."

ஐவி எங்களை வரவேற்கவில்லை. வாசற்படியிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளும் அதே மில்லில் தறி ஓட்டியவள்தான், எனக்கு அவளை அவள் கல்யாணத்துக்கு முன்பே தெரியும்.

"இப்ப வந்துட்டியா எர்னி? இத்தன மாசமா எட்டிக்கூடப் பாக்காதவன்."

"திட்டிக்கோ. சாவியக் குடு."

"எதுக்கு அதக் கெளறணும்? அந்த மனுஷன் போகணும்னு முடிவு பண்ணாரு, போனாரு. எங்கிட்ட சொல்லிக்கல. இதுல காரப் பிரிச்சுப் பாத்து என்ன கிழிக்கப் போறீங்க?"

"அம்மா, எனக்காக," என்றாள் ஜானிஸ். ஐவி மகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் போட்டுவிட்டு, கொட்டகைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கொட்டகை முற்றத்துக்கு அப்பால், பின்சந்தைப் பார்த்தபடி இருக்கிறது. சந்துப் பக்கம் இரண்டு பெரிய மரக் கதவுகள். முற்றத்துப் பக்கம் சின்னக் கதவு ஒன்று. அன்றைக்குப் பிறகு யாரும் உள்ளே வரவில்லை. சிவப்பு நிறக் கார் மூக்கை உள்சுவருக்கும், புகைக்குழாயைப் பெரிய கதவுகளுக்கும் காட்டியபடி நின்றது. பானெட் இன்னும் தூக்கியே இருந்தது. அந்த மாடலில் பானெட் கண்ணாடிப் பக்கம் கீல் வைத்தது, தூக்கினால் நட்டமாக ஒரு பலகை மாதிரி நிற்கும். பானெட்டின் உள்பக்கம் வில்ஃபின் கைவிளக்கு கொக்கியில் தொங்கியது.

நான் முதல் வேலையாகப் பெரிய கதவுகள் இரண்டையும் அகலத் திறந்து கல்லால் அண்டை கொடுத்தேன்.

"உங்கப்பன் எந்த சீட்ல இருந்தான்?"

"இடது பக்கம்."

"ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்கே. தன் கார்லயே சாகணும்னு உக்கார்றவன் ஸ்டீயரிங்குக்கு முன்னாலதானே உக்காருவான்?" கார்புரேட்டர்கள் இரண்டும் எஞ்சினின் இடது பக்கம். அங்கே குனிந்து வேலை பார்ப்பவனுக்குத் தலை சுற்றினால் பக்கத்தில் இருப்பது இடது சீட்தான். கொஞ்சம் உட்கார்ந்து எழலாம் என்று உட்கார்ந்திருப்பான். இதைக்கூட ஒரு போலீஸ்காரன் யோசிக்கவில்லை என்று எனக்கு வயிறு எரிந்தது.

குனிந்து பார்த்தேன். காற்று வடிகட்டிகள் இரண்டையும் கழற்றிப் பட்டறை மேஜையில் துணி விரித்து வரிசையாக வைத்திருந்தான். பின் கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் மரையில் ஸ்பேனர் மாட்டியபடியே தொங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. சாகப் போகிறவன் மரை திருகுவானா?

"இப்பவே சொல்லிடலாமா அங்கிள்?"

"கோளாறக் கண்டுபிடிப்போம். அரகொறையா எதையும் சொல்லக் கூடாது."

பழைய பெட்ரோலை வடித்துப் புதிது ஊற்றினேன். என் வேனிலிருந்து பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். ஜானிஸை ஸ்டீயரிங் முன்னால் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னேன். முக்கி முனகி எஞ்சின் பிடித்துக்கொண்டது. பிடித்ததுதான் தாமதம், வண்டி முழுக்கக் குலுங்க ஆரம்பித்தது. ஒரு சீராக நிற்கவில்லை, தடதடவென்று ஓடும், திடீரென்று அமுங்கும், மறுபடி எகிறும். பின்னால் கரும்புகை குபுகுபுவென்று சந்துக்குப் போயிற்று. இப்படி ஓடும் வண்டியை வில்ஃப் ஒருநாள்கூடப் பொறுத்துக்கொள்ள மாட்டான். திங்கட்கிழமையாவது மண்ணாங்கட்டியாவது என்று இறங்கியிருக்கிறான்.

திறந்திருந்த சின்னக் கதவு வழியே தெரிந்த அடுப்படி ஜன்னலில் ஐவி நின்று என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள். "அந்தச் சனியனச் சீக்கிரம் நிறுத்து." முற்றத்துக்கு அந்தப் பக்கமிருந்தும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. தறிக்கூடத்தில் நூற்றுக்கணக்கான தறிகள் ஒன்றாக ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. அதனால் நாங்கள் குரலே இல்லாமல், வாயை அகலமாக அசைத்துத்தான் பேசுவோம். சண்டை, காதல், வம்பு எல்லாமே அப்படித்தான். மில்லை விட்டு வந்த பிறகும் சத்தம் இருக்கும் இடத்தில் எங்களுக்கு வாய் தானாகவே அப்படித்தான் போகும். நானும் உதட்டாலேயே "இதோ ஆச்சு" என்றேன்.

"அம்மா என்ன சொன்னாங்க?" என்று கத்தினாள் ஜானிஸ். அவள் மில்லில் கால் வைத்ததில்லை, இந்தப் பேச்சு அவளுக்கு வராது.

"கொஞ்சறாங்க!" என்று கத்தினேன்.

முதலில் பிளக்குகளின் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். முன்னால் இருக்கும் இரண்டைப் பிடுங்கினால் எஞ்சின் இன்னும் தள்ளாடியது, அதாவது அவை ஒழுங்காக வேலை செய்கின்றன. பின்னால் இருக்கும் இரண்டைப் பிடுங்கினாலும் ஒன்றுதான், பிடுங்காவிட்டாலும் ஒன்றுதான். ஒயரை மாற்றி மாட்டிப் பார்த்தேன், கோளாறு அங்கேயே நின்றது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நெருப்புப்பொறி நன்றாகவே அடிக்கிறது. ஆக, மின்சாரத்தில் குறையில்லை. பின் கார்புரேட்டர் பக்கம்தான் தகராறு. வில்ஃபும் இதுவரைக்கும் சரியாகத்தான் வந்திருக்கிறான்.

ஆனால் அந்த மரையை அவன் திருப்பியிருந்த அளவுதான் என்னை உறுத்தியது. பெட்ரோல் அளவுக்கு மீறிக் கொட்டும்படி அடிமட்டம்வரை இறக்கியிருந்தான். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி இது. எஞ்சின் சரியாக ஓடவில்லையா, கார்புரேட்டரின் மேல் பழியைப் போட்டுத் திருக ஆரம்பிப்போம். சரியாகவில்லையென்றால் இன்னும் திருகுவோம். வேறெங்காவது காற்றுக் கசிகிறதா என்று பார்க்க மாட்டோம். காற்றுக் கசிந்தால் பெட்ரோல் போதாத மாதிரி எஞ்சின் தடுமாறும், நாம் இன்னும் பெட்ரோலைக் கூட்டுவோம், கூட்டக் கூட்டப் புகையில் விஷம் ஏறும். சட்டென்று முடிந்துபோகும் வேலைக்கு எஞ்சின் அவ்வளவு நேரம் ஏன் ஓடியது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

குழாயைக் காதில் வைத்து இரண்டு கார்புரேட்டரையும் மாறி மாறிக் கேட்டேன். வாய் வழியாக வரும் காற்று ஏறக்குறைய சமமாகத்தான் இருந்தது. மெல்லிய சத்தமெல்லாம் எனக்குக் கேட்காது, தறிகள் தின்றுவிட்ட காது இது. வில்ஃபுக்கு என்னைவிட மோசம். ஜானிஸைக் கூப்பிட்டுக் குழாயின் முனையை அவள் காதில் வைக்கச் சொல்லி, மறுமுனையைக் கார்புரேட்டரைச் சுற்றிலும் ஊர்ந்து போகவிட்டேன்.

"இங்க! இங்க ஒரு விசில் மாதிரி கேக்குது!"

கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே சூடு ஏறாமல் இருக்க ஒரு தடித்த அட்டைக் கட்டை இருக்கும். அதன் அடிப்பக்கம்தான் அவள் காட்டிய இடம். எண்ணெய்க் குப்பியை எடுத்து அங்கே நாலு சொட்டு விட்டேன். தடதடப்பு சட்டென்று நின்று எஞ்சின் பட்டுப்போல ஓடியது. எண்ணெயை உறிஞ்சிக்கொண்டதும் மறுபடி பழைய குலுக்கல். விரலை விட்டுத் தடவினேன், மயிரிழை அளவுக்கு விரிசல்.

"கண்டுபிடிச்சாச்சும்மா! இந்த விரிசல்தான். இதுல வர்ற சத்தம் உங்கப்பனுக்குக் கேட்டிருக்காது. கார்புரேட்டர்தான்னு நெனச்சு அதையே திருகிக்கிட்டு நின்னிருக்கான். அவன் சாகப் போகல. காரச் சரிபண்ணப் போனான்!"

ஜானிஸ் மட்கார்டின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். "எங்கள விட்டுட்டுப் போகலல்ல? விட்டுட்டுப் போகலல்ல?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். இல்லவே இல்லை என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். பாவி, உன்னை எத்தனை திட்டு திட்டினேன், மன்னித்துக்கொள்ளடா என்று மனசுக்குள் வில்ஃபிடமும் சொன்னேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளே கேட்டாள். "அப்போ கதவ ஏன் சாத்தினாரு?"

"அது ஒண்ணுதான் எனக்கும் புரியல. காத்துல சாத்திக்கிச்சோ என்னவோ."

இன்னும் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று விரிசலில் கிரீஸை அப்பிவிட்டு, வில்ஃப் இறக்கிவைத்த மரையை ஏற்றிக்கொண்டே வந்தேன். ஜானிஸ் திரும்பவும் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துப் பிடித்தாள். கைவிளக்கு கண்ணுக்கு நேரே எரிய, குழாயைக் காதில் வைத்து முன்னதுக்கும் பின்னதுக்கும் மாற்றி மாற்றிக் குனிந்து கேட்டேன். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் அடங்கி ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. அணைத்துவிட்டு, கைகழுவக்கூட நில்லாமல் இருவரும் அடுப்படிக்கு ஓடினோம்.

மேஜையில் மூன்று கோப்பை தேநீர் ஏடு படிந்து கிடந்தது.

"அம்மா, அப்பா சாகப் போகலம்மா! வண்டில விரிசல்! அங்கிள் கண்டுபிடிச்சுட்டாரு!" என்று ஜானிஸ் ஐவியைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். குழாய், ஸ்பேனர், இடது சீட், விசில் சத்தம், ஒன்றுவிடாமல் சொன்னாள். ஐவி மகளின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டாள். நம்பியதாகத் தெரியவில்லை.

"சரி, உக்காருங்க. டீ ஆறிப்போச்சு. நான் வந்து சொல்லி எவ்ளோ நேரமாச்சு."

"நீ எப்ப வந்தே?" என்றேன்.

"கடைசியா எஞ்சின் ஓடறப்ப. சந்துப் பக்கம் குப்பை கொட்ட வந்தேன். கதவுகிட்ட நின்னு டீ போட்டாச்சு வாங்கன்னு வாயசைச்சேன். நீயும் தலையாட்டின."

"நான் எங்க தலையாட்டினேன்? உன்ன நான் பாக்கவே இல்லயே."

"பொய் சொல்லாத எர்னி. உந்தொப்பி மேலயும் கீழயும் ஆடுச்சு. பாத்துட்டுத்தான் திரும்பினேன்."

"அடி போ. குழாய அந்த வாய்க்கும் இந்த வாய்க்கும் மாத்தறதுக்குக் குனிஞ்சு நிமிர வேணாமா? பானெட் நடுவுல செவரு மாதிரி நிக்குது, வெளக்கு கண்ணக் கூசுது. அங்கேர்ந்து கதவும் தெரியாது, கதவுல நிக்கிறவளும் தெரியாது." சொல்லிக்கொண்டே பிஸ்கட்டுக்குக் கையை நீட்டினேன். சத்தியமாக எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ஐவி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. குரல் வரவில்லை. "தெரியாதா?"

நான் நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். "தெரியாது ஐவி."

"என்ன தெரியாது? அம்மா? என்ன?" என்றாள் ஜானிஸ்.

ஐவி உட்கார்ந்தாள். இந்த முறை வாய்விட்டே சொன்னாள், மகளுக்குக் கேட்க வேண்டும் என்றுதான்.

"கதவ நாந்தான் சாத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி ஹாலமோட விரிப்பெல்லாம் காஞ்சுக்கிட்டிருந்துச்சு. உங்கப்பா கருகருன்னு பொகைய விட்டுக்கிட்டிருந்தாரு. அவ வந்து மானத்த வாங்கிடுவாளேன்னு ஓடினேன். பெரிய கதவச் சாத்தறேன், நீ சின்னக் கதவத் தொறந்துக்கோன்னு சொன்னேன். அந்தச் சத்தத்துல எங்க கேக்கப் போகுது, நம்ம மாதிரி வாயாலதான் சொன்னேன். தலையாட்டினாரு. ஆட்டினாருன்னு நெனச்சேன்."

ஜானிஸின் கை தாயின் தோளிலேயே இருந்தது. ஆனால் அது பிடித்திருக்கவில்லை, சும்மா கிடந்தது.

"எல்லாம் தெரிஞ்சும் சின்னக் கதவத் தொறக்கல, அப்போ சாகறதுன்னு முடிவு பண்ணிட்டாருன்னுதானே நான் நெனைப்பேன்? போலீஸ்காரன் கேட்டான், கதவு சாத்தியிருந்துச்சான்னு. ஆமான்னேன். யாரு சாத்தினதுன்னு அவன் கேக்கல. போகணும்னு இருந்தவரு போனாரு, இதுல யாரு சாத்தினா என்னன்னு விட்டுட்டேன்." அவள் என் பக்கம் திரும்பினாள். "சாத்தினதுக்கப்பறம் எவ்ளோ நேரம் எர்னி? நான் அந்தக் கதவுகிட்டயேதான் நின்னு துணி மடிச்சிக்கிட்டிருந்தேன். அப்ப உசிரோட இருந்திருப்பாரா?"

அந்த மரை எவ்வளவு இறங்கியிருந்தது, அந்தக் கொட்டகை எவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியும். "அதெல்லாம் சொல்ல முடியாது" என்றேன்.

"அம்மா, நான் அப்பாவுக்காகத்தாம்மா…" ஜானிஸால் முடிக்க முடியவில்லை.

"தெரியும் கண்ணு. அவரு உன்ன விட்டுட்டுப் போகல. அது தெரிஞ்சுச்சுல்ல, போதும். நீ இனி சாப்பிடு." அதைச் சொன்னபோது ஐவியின் குரல் நன்றாகவே இருந்தது. அப்புறம்தான் உடைந்தது. "தெனமும் அந்த ஆளத் திட்டிட்டுத்தான் படுப்பேன் எர்னி. என்ன அம்போன்னு விட்டுட்டுப் போயிட்டியேடா படுபாவின்னு. காலைல எந்திரிச்சா திரும்பத் திட்டுவேன். அந்த ஆத்திரத்துலதான் அடுப்பப் பத்தவெச்சேன், தின்னேன், நடமாடினேன். இனிமே நான் யாரத் திட்டறது?"

"என்னத் திட்டு ஐவி. சாவியக் கேட்டு வந்தது நான்தானே."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை.